பெருங்குடல் கட்டி: மரபணு ரிப்போர்ட்டையும் ஸ்லைடையும் சேர்த்து வாசிப்பது எப்படி

பெருங்குடல் புற்றுநோய்க்கு மரபணுப் பரிசோதனை இன்று வழக்கமாகிவிட்டது. ரிப்போர்ட் வந்ததும் கேராஸ் மரபணு என்ன, பிராஃப் மரபணு என்ன என்று இரண்டு வரியைத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதே கட்டியின் ஸ்லைடு அதற்குள் அலமாரிக்குப் போயிருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் நோயியல் மருத்துவர். மைக்ரோஸ்கோப்தான் என் பிழைப்பு. கட்டியின் டிஎன்ஏவில் நடக்கும் பிசகு அதைச் சுற்றி நிற்கும் நோய் எதிர்ப்பு செல்களின் நடத்தையில் தெரிகிறது. அந்த செல்கள் கொடுக்கும் நெருக்கடியும் கட்டியின் டிஎன்ஏவில் தடம் பதிக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களையும், பொதுத் தரவுகளை எடுத்து ஆய்வு செய்யும் மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஸ்லைடு

மரபணு ரிப்போர்ட் கையில் இருந்தாலும் முதலில் அதைத் திறக்காதீர்கள். பதில் தெரிந்துவிட்டால் கண் அந்தப் பதிலையே தேடும். நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய சாதாரண ஹெச் அண்ட் ஈ ஸ்லைடை எடுத்து, மிகக் குறைந்த பெரிதாக்கத்தில் முழுக் கட்டியையும் ஒரு சுற்றுப் பாருங்கள். செல் எதுவும் தனியாகத் தெரியாத அந்த நிலையில்தான் கட்டியின் ஓரம் நன்றாகத் தெரியும். ஓரம் வழவழப்பாகத் தள்ளிக்கொண்டு போகிறதா, விரல் விரலாகத் திசுவுக்குள் நுழைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்துக்கு வெளியே, தசை அடுக்குக்கு அப்பால் இருக்கும் கொழுப்பில், கருநீல உருண்டைகள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை லிம்போசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) திரண்டு உருவான முடிச்சுகள். குடல் அழற்சி நோயான குரோன் நோயில் வரும் முடிச்சுகளைப் போலிருப்பதால் இதைக் குரோன் வகை எதிர்வினை என்கிறோம்.

அடுத்து ஊடுருவும் விளிம்புக்கு வாருங்கள். அங்கே கூடியிருக்கும் அழற்சி செல்களை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கும் கிளின்ட்ரப்-மாகினென் முறை எனக்குப் பிடித்தமானது. தனிச் சாயம் எதுவும் வேண்டாம், கண் போதும். கூடுதலாக எதுவும் இல்லையென்றால் 0. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் 1. விளிம்பு நெடுகப் பட்டைபோல ஓடி, கட்டியின் சில தீவுகளை அரித்திருந்தால் 2. கட்டியின் அடியைக் கிண்ணம்போலத் தாங்கிப் பிடித்து, ஓரத்துத் தீவுகளைச் சிதைத்திருந்தால் 3.

பிறகுதான் பெரிய லென்ஸ். கட்டியின் சுரப்பிகளுக்கு இடையில் இருக்கும் தாங்கு திசுவான ஸ்ட்ரோமாவைக் கொஞ்சநேரம் மறந்துவிட்டு, சுரப்பியின் செல் சுவருக்குள்ளேயே பாருங்கள். புற்று செல்லின் உட்கரு பெரிதாக, வெளிறி, ஒழுங்கற்றுத் தெரியும். அவற்றுக்கு நடுவே சிறிய, உருண்டையான, மைப்புள்ளி போன்ற உட்கருவும் அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையமும் தெரிந்தால், அது கட்டிக்குள் புகுந்த லிம்போசைட். ஸ்ட்ரோமாவில் நிற்கும் நூறு லிம்போசைட்டைவிட, சுரப்பிக்குள் புகுந்த நான்கு எனக்கு அதிகம் சொல்லும். வாசலில் நிற்பதும் வீட்டுக்குள் வந்துவிடுவதும் ஒன்றா?

ஏமாற்றக்கூடிய இடங்கள் சில உண்டு. கட்டியின் மேற்பரப்பில் புண் இருந்தால் அங்கே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் மொய்க்கும். அது புண்ணுக்கான எதிர்வினை, கட்டிக்கானது என்று எண்ணிவிடக் கூடாது. திசு செத்துப்போன பகுதியும் அப்படித்தான். குடல் சுவரில் இயல்பாகவே லிம்ஃபாய்டு முடிச்சுகள் இருக்கும். மேல் அடுக்கில் தனியாகக் கிடக்கும் ஒன்றைக் குரோன் வகை என்று எழுதிவிடாதீர்கள். நிணநீர்க் கணு ஒன்றின் ஓரம் வெட்டில் மாட்டினாலும் அதே குழப்பம் வரும். எண்டோஸ்கோபியில் எடுத்த சிறு பயாப்சியில் ஊடுருவும் விளிம்பே இருக்காது என்பதால் அதை வைத்து விளிம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மலக்குடல் கட்டிக்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்திருந்தால், நீங்கள் பார்ப்பது சிகிச்சைக்குப் பிந்தைய களம். அதை ரிப்போர்ட்டில் எழுதியே ஆக வேண்டும்.

நான்கு சாயங்கள்

இப்போது எம்எம்ஆர். டிஎன்ஏவை நகல் எடுக்கும்போது வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் பொறிமுறை இது. இதில் நாம் பார்க்கும் புரதங்கள் நான்கு: எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6. நான்குக்கும் தனித்தனியாக, அந்தந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் இம்யூனோ சாயம் போடுகிறோம். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். இவை ஜோடி ஜோடியாக இயங்குகின்றன. எம்எல்ஹெச்1 போனால் பிஎம்எஸ்2-வும் நிலைக்காமல் போகும். எம்எஸ்ஹெச்2 போனால் எம்எஸ்ஹெச்6-ம் போகும். பிஎம்எஸ்2 மட்டும் தனியாகவோ எம்எஸ்ஹெச்6 மட்டும் தனியாகவோ போவதும் உண்டு.

நீலமாக நிற்கும் உட்கருவைக் கண்டதும் ‘இழப்பு’ என்று எழுதிவிடக் கூடாது. சாயம் அந்த இடத்தில் வேலை செய்ததா என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி அதே ஸ்லைடில், கட்டிக்குள் புகுந்த லிம்போசைட்டுகளிடம் இருக்கிறது. வலதுபுறப் பெருங்குடலில் வந்த ஒரு கட்டி இப்போது நினைவுக்கு வருகிறது. எம்எல்ஹெச்1 சாயத்தில் புற்று உட்கருக்கள் எல்லாம் வெளிர்நீலம். அவற்றுக்கு இடையிடையே, அதே சுரப்பிக்குள், சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். பழுப்பாக இருந்தவை அத்தனையும் எதிர்ப்பு செல்கள். கட்டி எந்த மரபணுவை இழந்தது என்பதும் அந்த இழப்பால் யார் உள்ளே வந்தார்கள் என்பதும் ஒரே பார்வைப் புலத்தில், இரண்டு நிறத்தில் இருந்தன. மாணவர்களுக்கு இந்தத் தொடர்பை விளக்க வேண்டுமென்றால் நான் வேறெதையும் காட்டுவதில்லை, அப்படி ஒரு ஸ்லைடைத்தான் காட்டுகிறேன்.

லிம்போசைட்டும் நீலமாக இருந்தால் அந்தப் பகுதியில் சாயமே பிடிக்கவில்லை என்று பொருள். திசு சரியாகப் பதப்படாத இடங்களில் இப்படி ஆகும். வேறு பகுதியைப் பாருங்கள், அல்லது வேறு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத் துண்டில்) திரும்பப் போடச் சொல்லுங்கள். கதிர்வீச்சும் கீமோவும் எடுத்த மலக்குடல் கட்டியில் எம்எஸ்ஹெச்6 சாயம் மங்கித் தெரியலாம். சிகிச்சைக்கு முந்தைய பயாப்சி இருந்தால் அதில் செய்வதே நல்லது.

எம்எல்ஹெச்1 இழப்பு உறுதியானால் அடுத்த கேள்வி, அது பரம்பரையா தற்செயலா என்பது. பெரும்பாலும் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதி மெத்திலேஷனால் (டிஎன்ஏவில் ஒட்டும் வேதிக் குறியால்) அடைபட்டிருக்கும். அதோடு பிராஃப் வி600இ மாற்றமும் இருந்தால் பரம்பரையாக வரும் எம்எம்ஆர் குறைபாடான லின்ச் நோய்க்குறிக்கான வாய்ப்பு அநேகமாக விலகிவிடும். பிராஃப் மாற்றம் இல்லை என்பதால் மட்டும் லின்ச் என்று சொல்லிவிட முடியாது. மெத்திலேஷன் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். மற்ற மூன்றில் ஒன்று போயிருந்தால் மரபியல் ஆலோசனைக்கு அனுப்புங்கள். நோயாளியின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இந்த ஒரு வரியை நம்பி இருக்கிறார்கள்.

பிழை திருத்தம் போனால் லிம்போசைட் ஏன் வருகிறது?

டிஎன்ஏவில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. மைக்ரோசாட்டிலைட் என்கிறோம். நகல் எடுக்கும் நொதி அங்கே வழுக்கி, ஓர் எழுத்தை விட்டுவிடும், அல்லது கூடுதலாகச் சேர்த்துவிடும். எம்எம்ஆர் சரியாக இருந்தால் உடனே திருத்தப்படும். இல்லையென்றால் பிழை நிலைத்துவிடும். பிழை மரபணுவின் குறியீட்டுப் பகுதிக்குள் விழுந்தால் அதற்குப் பிறகு வரும் வாசிப்பே நகர்ந்துபோய், உடல் அதுவரை பார்த்திராத புரதத் துண்டு ஒன்று உருவாகும். செல்களுக்குச் செய்தி சொல்லும் டிஜிஎஃப்-பீட்டா புரதத்தின் ஏற்பியைக் கட்டும் டிஜிஎஃப்பிஆர்2 மரபணுவில் 10 அடினின் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. பாக்ஸ் மரபணுவில் 8 குவானின்கள். இந்த இரண்டு இடங்களும் எம்எம்ஆர் போன கட்டிகளில் அடிக்கடி வழுக்குபவை.

அந்தப் புதிய துண்டுகளை ஹெச்எல்ஏ மூலக்கூறு செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. லிம்போசைட்டுகளில் ஒன்றான, செல்களைக் கொல்லும் சிடி8 வகை டி செல் அதை அந்நியமாகக் கண்டுகொண்டு உள்ளே நுழைகிறது. ஆக, ஸ்லைடில் நீங்கள் எண்ணிய லிம்போசைட்டுகள், கட்டியின் டிஎன்ஏவில் குவிந்த பிழைகளுக்கு உடல் கொடுத்த பதில். 2015-இல் வெளியான ஒரு சிறு மருத்துவ ஆய்வில், எம்எம்ஆர் குறைபாடுள்ள கட்டிகளில் சராசரியாக 1,782 மரபணு மாற்றங்களும், எம்எம்ஆர் சரியாக உள்ள கட்டிகளில் 73-ம் இருந்தன. முதல் வகைப் பெருங்குடல் புற்றுநோயில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை (எதிர்ப்பு செல்களைக் கட்டிமேல் ஏவிவிடுவது) கொடுத்ததில் 40 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. இரண்டாம் வகையில் ஒருவருக்கும் சுருங்கவில்லை.

பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. உடலில் பரவிய நிலையில் பார்த்தால் 5 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். எதிர்ப்பு செல்களின் அழுத்தத்தில் இவை பரவுவது குறைகிறது என்பது இந்த வித்தியாசத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

சாயம் சரி, ஆனாலும் கூட்டம்

நான்கு சாயமும் பழுப்பு, எம்எம்ஆர் சரி. ஆனால் சுரப்பிக்குள் லிம்போசைட்டுகள் திமிறுகின்றன. இப்படி வந்தால் ஸ்லைடை மூடாதீர்கள். மரபணு ரிப்போர்ட்டில் போல்-ஈ மரபணுவைத் தேடுங்கள். டிஎன்ஏவை நகல் எடுக்கும் நொதியே தன் பிழையைத் தானே சரிபார்க்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. அந்தப் பகுதியில் பி286ஆர், வி411எல் போன்ற மாற்றம் வந்தால் ஒற்றை எழுத்துப் பிழைகள் மலைபோலக் குவியும். ஒரு மெகாபேஸுக்கு (பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு) 100-க்கு மேல் போவது சாதாரணம். மைக்ரோசாட்டிலைட் பரிசோதனையில் இது பெரும்பாலும் நிலையானதாகவே தெரியும். பெருங்குடல் கட்டிகளில் நூற்றில் ஒன்றுதான் இப்படி. ஆனால் அந்த ஒருவருக்கு இம்யூனோதெரபி பலன் தரக்கூடும். போல்-ஈ பெயர் ரிப்போர்ட்டில் இருப்பது மட்டும் போதாது. மாற்றம் சரிபார்க்கும் பகுதியில் இருக்கிறதா, மொத்த மாற்றச் சுமையும் உயர்ந்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். வேறு காரணத்தால் ஆயிரக்கணக்கில் மாற்றம் குவிந்த கட்டியில், போல்-ஈயிலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு பொருட்டில்லாத மாற்றம் விழுந்திருக்கலாம்.

கட்டி தப்பிக்கும் வழி

எதிர்ப்பு செல்கள் உள்ளே வந்தபிறகும் கட்டி வளர்ந்துதானே இருக்கிறது, எப்படி? இந்தக் கேள்வியோடு மரபணு ரிப்போர்ட்டைத் திரும்ப வாசியுங்கள். எம்எம்ஆர் குறைபாடுள்ள கட்டிகளில் பி2எம் மரபணுவில் மாற்றம் கணிசமாக வரும். ஹெச்எல்ஏ முதல் வகை மூலக்கூறு செல்லின் மேற்பரப்பில் நிற்பதற்கு இந்தப் புரதம் வேண்டும். அது போனால் புரதத் துண்டைக் காட்டும் ஏற்பாடே சரிந்துவிடும். சிடி8 செல் பக்கத்திலேயே நின்றாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. ஜேக்1 மரபணு கெட்டால், டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரானின் செய்தி கட்டி செல்லுக்குள் போய்ச் சேராது. ஹெச்எல்ஏ மரபணுக்களிலேயே ஒரு பக்கம் தொலைந்துபோவதும் உண்டு.

இவையெல்லாம் எதிர்ப்பு செல்கள் அதிகம் நெருக்கிய கட்டிகளில் கூடுதலாகக் காணப்படுவதில் வியப்பில்லை. நெருக்கடி இல்லாத இடத்தில் இந்த மாற்றங்களால் கட்டிக்கு லாபம் ஏதும் கிடையாது. நான் மேலே சொன்ன இரண்டாவது திசை இதுதான்: செல்கள் கட்டியின் மரபணுவைச் சல்லடை போடுகின்றன.

ஆனால் ‘பி2எம் போய்விட்டது, இனி இம்யூனோதெரபி பலிக்காது’ என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மற்றப் புற்றுநோய்களில் பார்த்ததை அப்படியே இங்கே ஒட்டுகிறார்கள். பி2எம் இழந்த, எம்எம்ஆர் குறைபாடுள்ள பெருங்குடல் கட்டிகள் பல, சிகிச்சைக்கு நன்றாகவே மசிந்திருக்கின்றன. ஹெச்எல்ஏ முதல் வகை தேவைப்படாத காமா-டெல்டா டி செல்கள் இங்கே வேலை செய்கின்றன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு மரபணு வரியை வைத்து நோயாளிக்குக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

பெரும்பான்மைக் கட்டிகள்

எம்எம்ஆர் சரியாக இருக்கும் 85 சதவீதத்துக்கு வருவோம். இங்கே மாற்றங்களின் பெயர்ப் பட்டியல் எல்லாருக்கும் பழக்கமானது: ஏபிசி, டிபி53, கேராஸ். ஆனால் எதிர்ப்பு செல்களோடு இவற்றுக்கு உள்ள தொடர்பு எம்எம்ஆர் கதையைப்போலத் துலக்கமானதில்லை. அதைத் துலக்கமானதுபோலச் சொல்வது தவறு.

ஏபிசி கெட்டால், செல் பெருக்கத்தைத் தூண்டும் விண்ட் சமிக்ஞை ஓயாமல் ஓடும். அந்தச் சமிக்ஞை ஓங்கிய பெருங்குடல் கட்டிகளில் டி செல்கள் குறைவாக இருப்பது கணிசமான மாதிரிகளில் தெரிகிறது. டி செல்லை அழைத்துவரும் டென்ட்ரிடிக் செல்கள் வந்து சேராமல் போவது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கான நல்ல சோதனைச் சான்று மெலனோமா என்ற தோல் புற்றுநோயில்தான் முதலில் கிடைத்தது. கேராஸ் விஷயத்தில், ஜி12டி மாற்றமுள்ள எலிகளில் ஐஆர்எஃப்2 என்ற புரதம் அடக்கப்பட்டு, செல்களை ஈர்க்கும் சிஎக்ஸ்சிஎல்3 புரதத்தின் சுரப்பு கூடி, எதிர்ப்பை அமுக்கும் மைலாய்டு செல்கள் கட்டிக்குள் இழுக்கப்படுகின்றன என்று 2019-இல் காட்டினார்கள். எலியில் தெரிந்த வழி ஒவ்வொரு நோயாளியிலும் அப்படியே ஓடும் என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டிஜிஎஃப்-பீட்டா கதை. ஏபிசி, கேராஸ், டிபி53, டிஜிஎஃப்பிஆர்2 ஆகிய நான்கு மரபணுக்களையும் ஒன்றாக மாற்றிய எலிக் கட்டிகளை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. கட்டி செல்கள் ஏற்பியை இழந்ததால் டிஜிஎஃப்-பீட்டாவுக்குச் செவிடாகிவிட்டன. ஆனால் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது; டி செல்கள் உள்ளே வராமல் ஒதுக்கி வைக்கப்பட்டன. டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்ததும் டி செல்கள் உள்ளே நுழைந்தன. இங்கே கவனியுங்கள்: மரபணு மாற்றம் கட்டி செல்லில், விளைவைக் காட்டியது சுற்றியுள்ள நார்த்திசு. டிஎன்ஏ ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஸ்லைடில் இதை எப்படிப் பிடிப்பது? சிடி8 சாயம் போட்டுப் பாருங்கள். செல்கள் நிறைய இருக்கும், எண்ணினால் நல்ல எண்ணிக்கை வரும். ஆனால் எல்லாம் தடித்த இளஞ்சிவப்பு நார்ப்பட்டைகளுக்குள் மாட்டிக்கொண்டு, சுரப்பிக்கு வெளியிலேயே வரிசை கட்டி நிற்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் இந்தக் கட்டியும் முன்பு சொன்ன எம்எல்ஹெச்1 இழந்த கட்டியும் ஒன்றுபோலத் தோன்றிவிடும். பெருங்குடல் கட்டிகளை நான்காகப் பிரித்து 2015-இல் வெளியான சிஎம்எஸ் வகைப்பாட்டில் நான்காவது வகை இப்படி ஸ்ட்ரோமா ஓங்கியது, சுமார் 23 சதவீதம். முதல் வகை, எம்எம்ஆர் குறைபாடும் பிராஃப் மாற்றமும் கூடிய எதிர்ப்பு செல்கள் நிறைந்தது, சுமார் 14 சதவீதம். வகைப்பாடு ஆர்என்ஏவை வைத்துச் செய்யப்பட்டது; ஆனாலும் ஓரளவு பழகிய கண்ணுக்கு இந்த இரண்டும் ஸ்லைடிலேயே அடையாளம் தெரியும்.

தரவை வைத்து ஒப்பிடுபவர்களுக்கு

‘பிராஃப் மாற்றம் எதிர்ப்பு செல்களை வரவழைக்கிறது’, ‘டிபி53 மாற்றம் விரட்டுகிறது’ என்ற மாதிரி முடிவோடு மாணவர்கள் வருவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எம்எம்ஆர் குறைபாடுள்ளவற்றைத் தனியாகப் பிரித்தீர்களா? பிராஃப் வி600இ, எம்எல்ஹெச்1 மெத்திலேஷனோடு சேர்ந்தே வரும் மாற்றம். அந்தக் கட்டிகளில் லிம்போசைட்டை அழைத்தது பிழைத் திருத்தம் போனது; பிராஃப் கூட வந்தது. டிபி53 மாற்றம் எம்எம்ஆர் சரியான கட்டிகளில்தான் அதிகம். அங்கே செல்கள் குறைவு என்ற பழி அதன்மேல் விழுகிறது. டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டம் 2012-இல் 276 மாதிரிகளை அலசியபோது, அவற்றில் 16 சதவீதம் மாற்றம் மிகுந்தவை. அந்தச் சிறு கூட்டத்தைக் கலந்துவைத்து எந்த மரபணுவை ஒப்பிட்டாலும் அந்தக் கூட்டத்தின் குணமே திரும்பித் திரும்பி வெளிவரும். முதலில் பிரியுங்கள், பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒப்பிடுங்கள். போல்-ஈ கட்டிகளையும் தனியே வையுங்கள். வலதுபுறமா இடதுபுறமா, எந்த நிலை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது தூய்மை. மாதிரியில் எத்தனை பங்கு புற்று செல், எத்தனை பங்கு மற்றவை என்பது. ஒரு பிளாக்கில் உட்கருக்களில் 30 சதவீதம்தான் கட்டியுடையது என்றால், ஒரு பிரதியில் மட்டும் உள்ள மாற்றம் வாசிப்புகளில் 15 சதவீதம்தான் தெரியும். லிம்போசைட் நிறைந்த கட்டியில் மாற்றங்கள் வாசிப்பில் அமுங்கிப்போகும், சில தவறியும் போகும். பிறகு கணினி, ‘செல்கள் அதிகமுள்ள இடத்தில் மாற்றம் குறைவு’ என்று ஒரு போலித் தொடர்பைச் சொல்லும். டிஎன்ஏ எடுப்பதற்காக ஸ்லைடில் வட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அப்போது பரப்பளவைப் பார்த்துச் சதவீதம் எழுதாதீர்கள், உட்கருக்களை எண்ணுங்கள். புற்று செல் பெரியது, லிம்போசைட் சிறியது. கண்ணுக்குப் பாதிக்கு மேல் கட்டிபோலத் தெரியும் இடத்தில் உட்கருக் கணக்கு வேறாக இருக்கும். ஒவ்வொரு சிறு கரும்புள்ளியும் ஒரு முழு மரபணுத் தொகுதியைச் சுமந்துகொண்டு அந்தக் குழாய்க்குள் போகிறது.

சைபர்சார்ட் போன்ற கருவிகள் மொத்த ஆர்என்ஏவிலிருந்து 22 வகை எதிர்ப்பு செல்களின் பங்கை மதிப்பிட்டுத் தருகின்றன. பயனுள்ளவைதான். ஆனால் அவை இடத்தைச் சொல்லாது. சுரப்பிக்குள்ளா, நாருக்குள்ளா என்று அதற்குத் தெரியாது. குறைந்தபட்சம் சில மாதிரிகளிலாவது டி செல்களைக் காட்டும் சிடி3, சிடி8 சாயத்தோடு ஒத்துப்பாருங்கள். 22 செல் வகையை 50 மரபணுவோடு ஒப்பிட்டால் 1,100 கேள்விகள். அதில் சில தற்செயலாகவே ‘முக்கியம்’ என்று வரும். பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைச் செய்யாமல் என்னிடம் வரைபடத்தைக் காட்டாதீர்கள். ஒற்றை செல் ஆய்வுகள் இடத்தின் அருமையை இன்னும் நன்றாகக் காட்டியிருக்கின்றன. 2021-இல் 62 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வில், எம்எம்ஆர் குறைபாடுள்ள கட்டிகளில் சிஎக்ஸ்சிஎல்13 சுரக்கும் டி செல்களும், அவற்றை ஈர்க்கும் சமிக்ஞை கொடுக்கும் கட்டி செல்களும் மைலாய்டு செல்களும் ஒரே இடத்தில் குழுவாகத் திரண்டிருந்தன.

சிகிச்சைப் பக்கம்

இதில் நான் அதிகம் நீட்டப் போவதில்லை, அது புற்றுநோய் மருத்துவரின் களம். ஆனால் நாம் எழுதும் வரி எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பரவிய நிலையில் உள்ள, எம்எம்ஆர் குறைபாடுள்ள 307 பேரை வைத்து நடந்த கீநோட்-177 ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம், கீமோவில் 8.2 மாதம். அதே ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு நோய் தொடக்கத்திலிருந்தே முற்றிக்கொண்டு போனது என்பதையும் மறக்கக் கூடாது. எம்எம்ஆர் குறைபாடு என்ற ஒரு சொல்லோடு கதை முடிவதில்லை. அறுவைக்கு முன் இரண்டு இம்யூனோ மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த நிச்-2 ஆய்வில் 111 பேரில் 68 சதவீதம் பேருக்கு, வெட்டி எடுத்த குடலில் உயிருள்ள புற்று செல்லே இல்லை. இப்படிப்பட்ட பயன் ஒருவருக்குக் கிடைப்பதும் நழுவுவதும் முதல் பயாப்சியிலேயே எம்எம்ஆர் சாயம் போட்டோமா என்பதைப் பொறுத்தது.

மறுபக்கம், அதற்கு முந்தைய நிச் ஆய்வில் எம்எம்ஆர் சரியாக இருந்த 15 பேரில் 4 பேருக்கும் கட்டி மசிந்தது. மரபணு ரிப்போர்ட்டில் காரணம் ஒன்றும் தெரியாத கட்டிகளிலும் எதிர்ப்பு செல்கள் தயாராக இருக்கலாம் என்பதற்கு இது சாட்சி. ஸ்லைடை விடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டியின் மையத்திலும் விளிம்பிலும் சிடி3, சிடி8 செல்களின் அடர்த்தியைக் கணினியால் அளக்கும் இம்யூனோஸ்கோர் முறையை 2,681 நோயாளிகளின் மாதிரிகளில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். நோய் திரும்பி வரும் வாய்ப்பை அது கணித்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் கிளின்ட்ரப்-மாகினென் தரத்தையாவது எழுதுங்கள். டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதத்துக்கான சாயம் பெருங்குடலில் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. இங்கே அது பெரும்பாலும் விளிம்பில் இருக்கும் மைலாய்டு செல்களில்தான் தெரிகிறது.

ரிப்போர்ட்டில் எழுதுவது

கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு பத்தியாக வர வேண்டும். மேலே சொன்ன வலதுபுறக் கட்டிக்கு ஏறத்தாழ இப்படித்தான் எழுதுவேன்: ‘ஊடுருவும் விளிம்பில் அழற்சி தரம் 3, கட்டிக்குள் லிம்போசைட்டுகள் அதிகம், குரோன் வகை எதிர்வினை உண்டு. எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 இழப்பு, உட்கட்டுப்பாடு (லிம்போசைட்டில் சாயம்) சரி. பிராஃப் வி600இ உண்டு. தற்செயலாக வந்த எம்எம்ஆர் குறைபாட்டோடு பொருந்துகிறது. பி2எம் வாசிப்புச் சட்ட மாற்றம் உண்டு. இதை மட்டும் வைத்து இம்யூனோதெரபியை விலக்க வேண்டாம். டிஎன்ஏ எடுத்த பகுதியில் கட்டி உட்கரு மதிப்பீடு 30 சதவீதம், எனவே குறைந்த அளவில் தெரியும் மாற்றங்களைக் கவனத்தோடு வாசிக்கவும்.’

ஸ்லைடும் மரபணுவும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். ‘எம்எம்ஆர் சாயம் சரியாக உள்ளது, எனினும் கட்டிக்குள் லிம்போசைட்டுகள் மிக அதிகம். மைக்ரோசாட்டிலைட் பிசிஆர் பரிசோதனையும், போல்-ஈ உள்ளிட்ட மரபணு வாசிப்பும் பரிந்துரைக்கப்படுகின்றன.’ எழுதியதோடு விடாமல், சிகிச்சை தரும் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டும் சொல்லிவிடுங்கள்.